கோல சிலாங்கூர்: கால்நடையாக ஒரு வரலாற்று உலா

வரலாற்றுச் சுற்றுலா என்றால் நம் மக்களுக்கு மலாக்காதான் முதலில் நினைவுக்கு வரும். பள்ளிப் பேருந்தும் அங்கேதான் போகும். விடுமுறையில் குடும்பத்தோடு புறப்படும் மகிழுந்தும் அங்கேதான் போகும். அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவனை நான் இதுவரை கண்டதில்லை. மலாக்காவைக் குறை சொல்வதற்கில்லை. 2008-ஆம் ஆண்டில் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த நகரம் அது. ஆனால், பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மிக அருகிலேயே ஓர் அரச தலைநகர் இருந்திருக்கிறது. அங்கே கோட்டை இருந்திருக்கிறது. ஐரோப்பியக் கப்பற்படை ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு, ஓராண்டு முடிவதற்குள் இழந்துவிட்டுக் கடலுக்கு ஓடிய போரும் நடந்திருக்கிறது. கோல சிலாங்கூருக்கு மீன் வாங்கவும் கடலுணவு சாப்பிடவும் போகிறோம். மின்மினி பார்க்கவும் போகிறோம். அதை ஒரு வரலாற்று நகராகக் கால்நடையாய்ச் சுற்றிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

(பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே எழுதுகிறேன். 2007-ஆம் ஆண்டில் எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர்ப்பலகைகள் மாறிவிட்டன. எங்கள் நாக்கு இன்னும் மாறவில்லை, அன்பர்கள் பொறுத்தருள்க.)

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாளை இதற்காகவே ஒதுக்கினோம். நான், மனைவி, இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகள், ஐந்தாம் ஆண்டு பயிலும் மகன், எழுபதைக் கடந்த என் அம்மா ஆகிய ஐவர். மகிழுந்தை மலையடிவாரத்தில் நிறுத்திவிட வேண்டும், அதன்பின் மாலைவரை நடைதான் என்பது ஒப்பந்தம். அம்மாவுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தோம். குன்றின்மீது ஏற்றிச் செல்ல டிராம் என்ற பெயரில் ஒரு வண்டி ஓடுகிறது. அதைக் காட்டியபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “விடியற்காலையில் முந்நூறு மரம் வெட்டிவிட்டுப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். இந்த மேட்டுக்கு வண்டியா?” என்று கேட்டுவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மெலாவத்திக் குன்று பெரிய உயரமில்லை. சுற்றிச் சுற்றி ஏறும் தார்ச்சாலையில், குழந்தைகளின் கால்வேகத்தில்கூட அரைமணி நேரத்துக்குள் உச்சியை அடைந்துவிடலாம். இருபுறமும் பருத்த தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் தருகின்றன. இந்தக் குன்றில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்ற கேள்விக்குப் பாடநூலைப் புரட்ட வேண்டியதில்லை. மேலே போய் நின்று மேற்கே பார்த்தால் போதும். கீழே அலையாத்திக் காடு. அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை. வலப்புறம் சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். கடலில் வரும் கப்பலும் ஆற்றில் இறங்கும் படகும் இந்தக் குன்றின் கண்ணுக்குத் தப்ப முடியாது. மலாய் மொழியில் ‘கோல’ என்றால் ஆற்றுமுகம். ஆற்றுமுகத்தைப் பிடித்தவன் ஆற்றையே பிடித்தவன்.

நான் பிள்ளைகளிடம் முதலில் சொன்னது இதைத்தான்: கடலைப் பார்த்தது போதும், கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். இந்த ஆறு எங்கிருந்து வருகிறது? நம் ஊர் வழியாகத்தான் வருகிறது. இந்தக் கோட்டை காவல் காத்த செல்வம் கடலிலிருந்து வந்ததன்று. உள்நாட்டிலிருந்து, நம் பக்கத்திலிருந்து, இந்த ஆற்றின் வழியே இறங்கி வந்த ஈயம் அது.

அக்காலத்தில் ஈயத்துக்கு இருந்த மதிப்பை இன்று கற்பனை செய்வது கடினம். சீனாவில் அதற்குப் பெருந்தேவை இருந்தது. 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்த டச்சுக்காரர்கள், அதாவது நம் பழைய நூல்கள் ஒல்லாந்தர் என்று குறிப்பிடுவோர், இந்தக் கரையோர ஈயம் முழுவதையும் தங்களுக்கே, தாங்கள் வைத்த விலைக்கே விற்க வேண்டும் என்று சிற்றரசுகளை நெருக்கினார்கள். சிலாங்கூரை ஆண்ட பூகிஸ் வம்சத்தினரோ நல்ல விலை கொடுக்கும் எவருக்கும் விற்க விரும்பினார்கள். ராஜா லூமு என்ற பூகிஸ் இளவரசர் 1766-இல் பேராக் சுல்தானால் முடிசூட்டப்பெற்று, சுல்தான் சாலேஹுடின் ஷா என்ற பெயரில் சிலாங்கூரின் முதல் சுல்தானானார். அவர்தம் மகன் சுல்தான் இப்ராஹிம் காலத்தில்தான் மோதல் வெடித்தது.

ரியாவில் இருந்த ராஜா ஹாஜி, சுல்தான் இப்ராஹிமுக்குச் சிற்றப்பன் முறை. ரியாவ் துறைமுகத்தில் பிடிபட்ட ஓர் ஆங்கிலக் கப்பலின் சரக்கில் தமக்குரிய பங்கை டச்சுக்காரர் கொடுக்கவில்லை என்பதில் தொடங்கிய பூசல், போராக முற்றியது. 1784-இன் தொடக்கத்தில் ராஜா ஹாஜி மலாக்காவையே முற்றுகையிட்டார். சுல்தான் இப்ராஹிமும் தம் படையோடு போய்ச் சேர்ந்துகொண்டார். மலாக்கா விழுந்துவிடும் என்ற நிலையில் ஹாலந்திலிருந்து வான் பிராம் தலைமையில் கப்பற்படை வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் ராஜா ஹாஜி போர்க்களத்தில் மாண்டார். அடுத்த இலக்கு கோல சிலாங்கூர். ஆகஸ்டில் இக்குன்று டச்சுக்காரர் வசமாயிற்று. பத்தாவியாவில் ஆளுநர் நாயகமாக இருந்த ஆல்டிங்கின் பெயரால் கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். பக்கத்திலிருந்த மற்றொரு குன்றின் சிறு கோட்டைக்கு ஊட்ரெக்ட் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் மகன் குறுக்கிட்டான். கையில் திரட்டேட்டை வைத்துக்கொண்டு பலகை பலகையாக எழுதிக்கொண்டு வந்தவன் அவன். (2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே வரலாறு ஒரு பாடமாகிவிட்டதை அன்பர்கள் அறிவீர்கள்.) “அப்பா, மலாய்க்காரர் இருக்கிறார்கள், பூகிஸ்காரர் இருக்கிறார்கள், டச்சுக்காரர் இருக்கிறார்கள். இதில் நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கேட்டான்.

ஆசிரியப் பணியில் இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். இதற்கு விரைந்து விடை சொல்வது ஆபத்து. ‘எல்லாம் நம்முடையதே’ என்று கடாரம் வென்ற கதையை எடுத்துவிடுவோர் உண்டு. ‘நாம் நேற்று வந்தவர்கள், நமக்கென்று இங்கே ஒன்றுமில்லை’ என்று தலையைக் குனிந்துகொள்வோரும் உண்டு. இரண்டுமே பிள்ளைகளுக்கு நல்லதன்று. ஆகவே, நடந்துகொண்டே பார்ப்போம், கிடைப்பதைக் குறித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். முதல் குறிப்பை அங்கேயே கொடுத்தேன்.

ராஜா ஹாஜியின் பூசல் எழுந்த காலம், இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் நான்காம் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1780 முதல் 1784 வரை நீடித்த அப்போரில் டச்சுக்காரர் இழந்த மிகப் பெரிய இடங்களுள் ஒன்று நாகப்பட்டினம்! சோழமண்டலக் கரையில் டச்சு வாணிபத்தின் தலைமையிடமாக விளங்கிய அந்நகரை 1781 நவம்பரில் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1784 உடன்படிக்கையில் அது ஆங்கிலேயருக்கே என்று முடிவாயிற்று. ஏறத்தாழ அதே மாதங்களில்தான் டச்சுப் படை இந்தக் குன்றின்மீது கொடியேற்றியது. அக்கரையையும் இக்கரையையும் இணைத்தது வெறும் போர் மட்டுமா? மலாய்த் தீவக்கற்பத்தில் ஈயத்துக்கும் மிளகுக்கும் மாற்றாகக் கைமாறிய சரக்குகளில் முதன்மையானது சோழமண்டலக் கரைத் துணி. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வந்த தமிழ் முசுலிம் வணிகர்கள், சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள், கெடா முதல் மலாக்கா வரையிலான துறைமுகங்களுக்குப் பழக்கமானவர்கள். நம் நெசவாளி நெய்த துணியும், நம் ஆற்றில் இறங்கிய ஈயமும் ஒரே சந்தையில் எடைபோடப்பட்டன. மகன் எழுதிக்கொண்டான்: “நாகப்பட்டினம். துணி.”

சரி, கோட்டைக்கு வருவோம். சுல்தான் இப்ராஹிம் உள்நாட்டு வழியாகத் தப்பிப் பகாங் சென்றார். பகாங் பெண்டஹாராவின் உதவியோடு ஆள் திரட்டினார். காட்டுவழியே திரும்பி வந்தார். 1785 ஜூன் இறுதியில் ஓர் இரவில் கோட்டை தாக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் பீரங்கிகளைக்கூட விட்டுவிட்டுக் கப்பல்களுக்கு ஓடினார்கள். பின்னர் கடலிலிருந்து முகத்துவாரத்தை நெடுநாள் அடைத்து நெருக்கி, 1786-இல் சுல்தானை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார்கள் என்பது வேறு. இடையில் அவர் பிரான்சிஸ் லைட்டுக்குக் கடிதம் எழுதி ஆங்கிலேயரின் துணையை நாடியும் கிடைக்கவில்லை. ஆனால் கோட்டையைத் தம் கையாலேயே மீட்ட அரசர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 1826 வரை ஆண்டார்.

உச்சியில் வெண்ணிறத்தில் ஓங்கி நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்பதே பெயர். அதைக் கட்டியவர்களோ டச்சுக்காரரல்லர். 1907-இல் ஆங்கிலேயர் எழுப்பியது. ஓராண்டுகூட முழுதாக நிலைக்காத ஓர் ஆட்சியின் பெயரை, அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்களோ! பெயர்கள் இப்படித்தான், சில சமயம் உரிமையில்லாத இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வட்டாரத்தில் பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே ஓய்வு பெற்றவர் அவர். மீன் வாங்க வரும்போது கீழிருந்து பார்த்திருக்கிறாராம். மேலே வந்தது இதுவே முதல்முறை. “எங்களுக்கு யார் விடுமுறை கொடுத்தது, மலை பார்க்க?” என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார்.

கலங்கரை விளக்கத்துக்கு அருகே குரங்குகளின் கூட்டம். வெள்ளி முலாம் பூசியதுபோல் சாம்பல் நிறத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பவை லோத்தோங் எனப்படும் இலைதின்னிகள். அவற்றின் குட்டிகள் மட்டும் பொன்னிறத்தில் பிறக்கின்றன. தாயின் மடியில் தங்கக் கட்டிபோல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டியைப் பார்த்து மகள் அசந்துபோனாள். இவ்வினத்துக்கு அறிவியலார் வழங்கும் பெயரிலேயே ‘சிலாங்கூர்’ இருக்கிறது. நீண்ட வாலும் குறும்புக் கண்ணும் கொண்ட மற்றொரு வகைக் குரங்கிடம் எச்சரிக்கை தேவை. பையில் நெகிழிப் பொட்டலம் சலசலத்தால் போதும், பை உங்களுடையதன்று.

அரச கல்லறை வளாகத்தில் முதல் மூன்று சுல்தான்களும் துயில்கின்றனர்: சாலேஹுடின், இப்ராஹிம், 1857-இல் மறைந்த முகமது. அங்கே மஞ்சள் துணி போர்த்திய பழைய பீரங்கி ஒன்றும் மதிப்போடு காக்கப்படுகிறது. நான்காம் சுல்தான் அப்துல் சமாட் லங்காட் பக்கம் தங்கிவிட்டதால், அரச இருக்கை என்ற பெருமை இந்த ஊரைவிட்டு மெல்ல நகர்ந்துவிட்டது. சற்றுத் தொலைவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதாகச் சொல்லப்படும் தட்டைப் பாறை இருக்கிறது. துரோகிகளை நச்சுநீரில் இறக்கியதாகச் சொல்லப்படும் கிணறும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இவைதாம் மிகவும் பிடித்த இடங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு இத்தகைய கதைகளில் பெரிய நாட்டமில்லை. எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு நச்சுக்கிணறும் ஒரு தலைவெட்டும் கல்லும் இருந்தே தீரும். ஒரு பீரங்கியின் கதை இதைவிடச் சுவையானது. அந்தப் பீரங்கி இப்போது இங்கே இல்லை.

ஸ்ரீ ராம்பாய் என்பது அதன் பெயர். 1603 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட டச்சு வெண்கலப் பீரங்கி. டச்சுக்காரர் அதை ஜொகூர் சுல்தானுக்கு அளித்தார்கள். 1613-இல் ஆச்சே படை ஜொகூரைத் தாக்கியபோது அது ஆச்சேவுக்குப் போயிற்று. 1795-இல் ஆச்சேவிலிருந்து சிலாங்கூர் சுல்தானுக்கு வந்தது. சிலாங்கூர் இளவரசர்களிடையே நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே, 1871-இல், கடற்கொள்ளைக்குப் பதிலடி என்று சொல்லிக்கொண்டு ஆங்கிலேயரின் ரினால்டோ என்ற போர்க்கப்பல் கோல சிலாங்கூரைக் குண்டுகளால் தாக்கியது. அப்போது ஸ்ரீ ராம்பாய் பினாங்குக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இன்று கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குழந்தைப்பேறு வேண்டி அதன் வாயில் பூ வைத்துச் செல்லும் வழக்கமும் அங்கே உண்டாயிற்று. ஹாலந்து, ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர், பினாங்கு! நம்மில் பலரைவிட அதிகமாகப் புலம்பெயர்ந்த பீரங்கி அது. 1871-இல் குண்டு வீசியவர்கள் மூன்றே ஆண்டுகளில் சிலாங்கூருக்கு ஆலோசகரையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நடந்ததுதான் நம் கதை.

நண்பகலில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பாயை விரித்தோம். புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலிச் சம்பால். சாப்பிட்டுக்கொண்டே அம்மா மரத்தைத் தட்டிப் பார்த்து, “இது இந்த நாட்டு மரமில்லை, தெரியுமா? துரைமார் கொண்டுவந்தது” என்றார். உண்மைதான். தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்து மரம். ரப்பரும் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்கா வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தது. அம்மாவின் வாழ்நாளையே எடுத்துக்கொண்ட இரு மரங்களில் ஒன்று அது. மற்றொன்று செம்பனை. அதன் கதை எங்கள் ஊருக்கே உரியது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்திராவுக்குப் போய் அழகுமரங்களாயின. அங்கே அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியக்காரர் அவற்றைத் தோட்டப் பயிராக்கினார். அவரோடு தொடர்புடைய ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றங்கரையில், ரந்தாவ் பாஞ்சாங்கில், தோட்டம் வைத்திருந்தார். சுமத்திராவிலிருந்து வந்த விதைகளை முதலில் அங்கே ஊன்றிப் பார்த்தார். பின்னர் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தாயில் வாணிப அளவில் செம்பனை நடப்பட்டது. மலாயாவிலேயே முதல் செம்பனைத் தோட்டம்! மலேசியாவின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கும் ஒரு பயிர் எங்கள் ஊரில் தொடங்கியது என்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். ஆங்கில ஆவணங்களிலும் மலாய்ப் பெயர்ப்பலகைகளிலும் இன்றுவரை அதே பெயர்தான். கேட்டவுடனே தமிழ் என்று விளங்குகிறது. தோட்டத் துரைமார்கள் வேலை வாங்குவதற்காகவேனும் தமிழ் கற்றாக வேண்டியிருந்த காலம் அது. தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் பனை நட்டு உலகப் புகழ் பெற்றார்கள் என்பது ஒரு வேடிக்கை. நட்டவர் பெயர் நூல்களில் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் மலாயாவைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசையும் பெற்றார். குழி தோண்டியவர்கள், கன்று சுமந்தவர்கள், களை பிடுங்கியவர்கள் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் பேசிய மொழியின் சொல் ஒன்று நிலத்தின்மீது எழுதப்பட்டுவிட்டது. ஆல்டிங்ஸ்பர்க் என்ற பெயரைப் போலன்றி, இது உழைத்தவர்களுக்கு உரிமையுள்ள பெயர் என்றே நான் கருதுகிறேன்.

அம்மாவிடம் பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, கங்காணி ஒருவரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். “நாகப்பட்டினமா?” என்று மகன் நிமிர்ந்தான். காலையில் எழுதிய குறிப்பைத் தேடி எடுத்தான். டச்சுக்காரர் இழந்து ஆங்கிலேயர் பெற்ற அதே துறைமுகத்திலிருந்துதான், ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமான இடைவெளிக்குப் பின், துணிக்குப் பதிலாக ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். கிள்ளானுக்கு அருகே 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, தோட்டம் தோட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். லயத்து வீடு, பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கிராணியின் பேரேடு என்று அம்மா சொல்லச் சொல்ல, மகள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். திரட்டேட்டைவிட இது நல்ல ஏற்பாடு.

இறங்கும்போது கடல் மீண்டும் கண்ணில் பட்டது. 1942 ஜனவரியின் தொடக்க நாள்களில் ஜப்பானியப் படகுகள் வந்த கரை இது. முதலில் கரையிறங்க முயன்றவர்களைப் பீரங்கித் தாக்குதல் திருப்பி அனுப்பியது. அடுத்தடுத்த நாள்களில் ஜப்பானியர் ஆற்றுப்பக்கமாக உள்ளே வந்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் வரையிலான சாலையைக் காத்து நின்ற படையில் இந்தியச் சிப்பாய்களே மிகுதி. பஞ்சாபிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் நம் ஊர்ச் சாலையில் யாருக்காகச் சாகிறோம் என்று நினைத்திருப்பான்? சில நாள்களிலேயே கோலாலம்பூரும் வீழ்ந்தது. அதன்பின் வந்த சயாம் ரயில்பாதையைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கியபோது, அம்மா கையசைத்து நிறுத்தினார். “அது வேண்டாம், இன்னொரு நாள் நானே சொல்கிறேன்” என்றார். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் பிடித்துச் சென்ற காலத்துக்குப் பிறகே அவர் பிறந்தார். ஆனாலும் திரும்பி வராதவர்களின் பெயர்களைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். நான் நிறுத்திக்கொண்டேன்.

அடிவாரத்தில் 1987-இல் அமைக்கப்பட்ட இயற்கைப் பூங்காவில் அலையாத்திக் காட்டைச் சற்று நேரம் சுற்றிவிட்டு, பழைய கடைத்தெரு வழியாக ஆற்றங்கரைக்கு நடந்தோம். வெயில் தணிந்திருந்தது. ஆளுக்கொரு செண்டோல். எதிர்க்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் படகுகள் வரிசையாக நின்றன. ஆற்றுநீர் சேற்று நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபோதுதான், காலையில் ஈயத்தைப் பற்றிச் சொன்னதன் மறுபாதியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எங்கள் ஊரைச் சுற்றிலும் இன்று காணும் ஏரிகள் இயற்கை ஏரிகளல்ல. ஈயம் எடுத்த குழிகள். மிதக்கும் தொழிற்சாலைகளைப் போன்ற பெரும் ஈயக்கப்பல்கள் அவற்றில் இரவும் பகலும் மண்ணைக் குடைந்து அலசிய காலத்தை நடுத்தர வயதினர் நன்கு நினைவில் வைத்திருப்பார்கள். 1985-இல் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்தபின் அத்தொழில் ஒடுங்கிற்று. டச்சுக்காரர் எந்தப் பொருளுக்காகக் கப்பல் அனுப்பினார்களோ, அதே பொருள் இருநூறு ஆண்டுகள் எங்கள் ஆற்றுப்படுகையை விடவில்லை. ஆக, கோட்டை இருந்தது கீழே. கோட்டைக்குக் காரணம் இருந்தது மேலே. நம் ஊரைப் பாடநூலில் காணவில்லை என்பதால், வரலாறு அதைத் தொடாமல் போய்விட்டது என்று பொருளில்லை. மகள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். “அப்படியென்றால் அங்கே ஒரு பலகை வைத்திருக்கலாமே அப்பா?” என்றாள். வைத்திருக்கலாம்தான். குன்றின் பலகைகளில் ஆற்றின் மேற்பகுதியைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் நாலு வரி சேர்த்தால் எந்தச் சுல்தானின் பெருமையும் குறைந்துவிடாது.

திரும்பும் வழியில் கம்போங் குவாந்தானில் இறங்கினோம். பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைக் காண வெளிநாட்டினர் வந்து குவிகிறார்கள். துடுப்புப் படகில், பேச்சில்லாமல், இருட்டில் அரைமணி நேரம். அம்மா மட்டும் மெல்லிய குரலில், அந்தக் காலத்தில் ஆற்றோரத் தோட்டங்களில் இரவில் வாசலில் நின்றாலே இது தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்குமேல் வெயில் கடுமை. குடிநீர் அவசியம். கண்ணாடியையும் தின்பண்டத்தையும் குரங்குகளின் கண்ணில் காட்டாதீர்கள். அரச கல்லறைக்குள் செல்ல நேரக் கட்டுப்பாடு உண்டு. உடையில் அடக்கம் தேவை. மின்மினி பார்க்க நிலவில்லாத, மழையில்லாத இரவே ஏற்றது. வீட்டில் தோட்டத்தில் உழைத்த பெரியவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாதி விளக்கத்தை அவரே சொல்லிவிடுவார்.

மகன் அடுத்த விடுமுறைக்குப் பினாங்கு போக வேண்டும் என்கிறான். கடற்கரையும் வேண்டாமாம், பினாங்கு மலை ரயிலும் வேண்டாமாம். நம் ஊர்ப் பீரங்கியைப் பார்க்க வேண்டுமாம்.